தூசி பிறக்கும் இடம்

உழைப்பின் வரலாறு – அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தில் கல்லோயாத் திட்டத்தைப் பார்த்தோம். 1949-இல் தொடங்கிய அந்தத் திட்டம் இங்கினியாகலையில் அணை எழுப்பி, நம் பக்கத்து வயல்களின் நீர்க்கணக்கையும் குடியிருப்புக் கணக்கையும் மாற்றிப்போட்ட விதத்தைச் சொன்னோம். நெல்லோடும் நீரோடும் உழைத்தவர்களை அங்கே நிறுத்திவிட்டு, இந்த அத்தியாயத்தில் கல்லோடும் சீமெந்தோடும் உழைப்பவர்களிடம் வருகிறோம். அவர்களுடைய நெஞ்சுக்குள் போய்த் தங்கும் தூசியின் வரலாறு இது. சாய்ந்தமருதில் தொடங்கினாலும் கோர்ன்வால், ட்ரான்ஸ்வால், கோலார், குஜராத் என்று சுற்றித்தான் நம் வாசலுக்குத் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

ஓயாத கட்டட வேலை

சாய்ந்தமருதில் கட்டட வேலை ஓய்ந்த காலம் என்று ஒன்று இல்லை. பெண் பிள்ளை பிறந்த வீட்டில் இன்னொரு வீட்டுக்கான கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும். கல்யாணத்தோடு மகளுக்கு ஒரு வீட்டைக் கொடுப்பது மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நம் கரையோர ஊர்களின் வழக்கம். வாப்பா சவூதியிலோ கட்டாரிலோ நின்று அனுப்பும் காசு, உம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுக் காசு, காக்காமார் கடையில் உழைத்த காசு எல்லாம் கடைசியில் கல்லாகவும் கம்பியாகவும் சீமெந்தாகவும் மாறி நிற்கும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் கிடப்பது கொஞ்ச நிலம். அதனால் வீடுகள் பக்கவாட்டில் விரிய வழியில்லாமல் மேல்நோக்கி வளர்ந்தன. ஒரு மகளுக்குக் கீழ்வீடு, அடுத்தவளுக்கு மேல்மாடி.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அந்தக் கட்டடங்களில் பலவற்றைக் கொண்டுபோனது. இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடைவலயம் அறிவிக்கப்பட்டது. கடலோரத்தில் கட்ட முடியாது, உள்ளே நிலம் கிடையாது. வயல் நிலத்தை மண் போட்டு நிரப்பிப் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் அப்படி எழுந்ததுதான். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள், பள்ளிக்கூடங்கள், பள்ளிவாசல்கள், வைத்தியசாலைக் கட்டடங்கள். நம் கரையோரம் அவ்வளவு சீமெந்தை அதற்கு முன் கண்டதில்லை.

வேலை கூடியபோது கருவியும் மாறியது. பழைய மேசன்மாரின் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. சுவரில் வயர்க் குழாய் பதிக்க ஒரு தடம் வெட்டுவதென்றால் அரை நாள் போகும். துண்டு துண்டாகக் கல் உதிரும், தூள் குறைவு. அதே தடத்தை இன்று கிரைண்டர் சில நிமிடத்தில் வெட்டிவிடுகிறது. டைல்ஸ் வெட்டவும், தூணின் கொங்கிறீட்டைச் சீவவும், பென்ட்ரிக்குக் கருங்கல் பலகை அறுக்கவும் அதுதான். வெட்டும் நேரத்தில் அறை முழுக்க வெள்ளைப் புகையாய் எழும் தூளில் பக்கத்தில் நிற்பவரின் முகமே தெரியாது. மேசன் தலையில் ஒரு துவாயைக் கட்டிக்கொள்கிறார், மூக்கில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் இமையெல்லாம் வெள்ளை. முகத்தைக் கழுவினால் போய்விடும் என்று நினைக்கிறோம். முகத்தில் இருப்பது போகும்.

மணல் குற்றவாளி அல்ல

நம் ஊரே மணலின் மேல் இருக்கிறது. கரைவலை இழுப்பவர்கள் பிறந்தது முதல் அதில்தான் நடக்கிறார்கள். அந்த மணலின் பெரும்பகுதி சிலிக்கா. படிக வடிவில் இருப்பதைக் குவார்ட்ஸ் என்பார்கள். அப்படியானால் மீனவருக்கு வராத நோய் மேசனுக்கு ஏன் வருகிறது?

பருமனில் இருக்கிறது விடை. கடற்கரை மணல் ஒன்றும் நுரையீரலின் அடிக்குப் போகாது. மூக்கும் தொண்டையும் அதைப் பிடித்துத் தள்ளிவிடும். அதே மணல் சீமெந்தோடு கலந்து கொங்கிறீட்டாகி, அதன்மேல் இயந்திரத் தகடு உராயும்போது, கண்ணுக்குப் புலப்படாத பொடியாகிறது. ஒரு மில்லிமீற்றரை நூறு கூறாக்கினால் வரும் ஒரு கூறைவிடச் சிறிய துகள்தான் மூச்சுப் பையின் கடைசி அறை வரைக்கும் இறங்கும். பார்வையில் படும் வெள்ளைப் புகை அடங்கிய பிறகும் இந்தத் துகள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். அறை தெளிந்துவிட்டது என்று நாம் எண்ணும் வேளையிலும் அது மூச்சோடு போய்க்கொண்டிருக்கும்.

உள்ளே போனதை விழுங்கி அழிக்க உடம்பின் காவல் அணுக்கள் வருகின்றன. கிருமியென்றால் செரித்துவிடும். சிலிக்காவை விழுங்கிய அணுவோ தானே செத்து வெடிக்கிறது; துகள் மறுபடி வெளியே வருகிறது, அடுத்த அணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. இந்த ஓயாத போரில் மென்மையான நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிறது. வேலையை விட்ட பின்னும் அந்தப் போர் நிற்பதில்லை. வழக்கமாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தே மூச்சு வாங்கத் தொடங்கும். தூசி மிகக் கடுமையான இடமென்றால் சில ஆண்டுகளிலும், சில வேளை சில மாதங்களிலுமே வந்துவிடும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். இறுகிய நுரையீரலை இளக்க மருந்து கிடையாது. காசநோய்க்கும் அது கதவைத் திறந்து வைக்கிறது. 1997-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், தொழிலிடத்தில் சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் முதல் வரிசையில் வைத்தது.

கொங்கிறீட்டில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை சிலிக்கா இருக்கலாம். டைல்ஸில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கலாம். கருங்கல்லிலும் ஏறக்குறைய அந்த அளவு வரும். சுண்ணாம்புக் கல்லிலோ நூற்றுக்கு இரண்டு பங்குதான். நம் மூத்தோர் சிப்பியும் பவளக்கல்லும் சுட்டெடுத்த சுண்ணாம்பால் கட்டிய காலத்தில், சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கியது, கண்ணை எரித்தது. நெஞ்சைக் கல்லாக்கவில்லை.

கோர்ன்வாலில் தெரிந்த உண்மை

கல்லுடைப்பவர் இளவயதில் சாவது உலகுக்குப் பழைய செய்தி. 1556-இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்க நூல், கார்பேதிய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களைப் புதைத்த பெண்கள் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் உளியால் உடைத்த காலம் வரைக்கும் அந்தச் சாவு மெல்ல நடந்தது. அதை வேகப்படுத்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த காற்றழுத்தத் துளைப்பொறி. பத்துப் பேர் செய்த வேலையை ஒருவரால் செய்ய முடிந்தது; பத்துப் பேர் சுவாசித்த தூசியை அந்த ஒருவரே சுவாசித்தார். சுரங்க ஊர்களில் அந்தப் பொறிக்குக் கைம்பெண்களை உண்டாக்கும் பொறி என்றே பெயர் விழுந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கோர்ன்வால் வெள்ளீய, செப்புச் சுரங்கங்களின் நாடு. அங்கே வேலை குறைந்ததும் ஆட்கள் தென்னாபிரிக்காவின் ட்ரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்குக் கப்பலேறினார்கள். நம்மவர் வளைகுடாவுக்குப் போவதைப் போல, சம்பாதித்துத் திரும்பி வந்து வீடு கட்டும் எண்ணத்தோடு போனார்கள். 1899-இல் போயர் யுத்தம் வெடித்ததும் கூட்டமாய் ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் துளைப்பொறி பிடித்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராய்ச் செத்தார்கள். அந்தச் சாவுகளை விசாரிக்க அரசு அனுப்பிய குழுவில் சுவாச விஞ்ஞானி ஜே. எஸ். ஹோல்டேன் இருந்தார். 1904-இல் வந்த அறிக்கை சாவின் காரணம் கல் தூசி என்று தெளிவாகச் சொன்னது. துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சித் தூசியை அடக்க வேண்டும் என்றும் சொன்னது.

தண்ணீர் பாய்ச்சும் பொறியும் அதற்குள் வந்துவிட்டது. 1890களின் இறுதியில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோர்ஜ் லெய்னர் துளைக்கம்பியின் நடுவே குழாய் விட்டுத் தண்ணீரை அதன் நுனிக்கே கொண்டுபோனார். கல் பொடியாகும் அந்தக் கணத்திலேயே நனைந்து சேறாய் வழிந்துவிடும். காற்றில் ஏறுவதற்குத் தூள் இருக்காது. தூசி பிறந்த பிறகு அதைத் துரத்துவதைவிட, பிறக்கும் இடத்திலேயே பிடித்துவிடுவது நல்லது என்ற பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. இனி இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சாவும் அந்தப் பாடம் தெரிந்த பின் நடந்த சாவு. வாசகர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோலாரின் தமிழ்த் தொழிலாளர்

கோர்ன்வாலின் சுரங்க அனுபவம் ட்ரான்ஸ்வாலுக்கு மட்டும் போகவில்லை. 1880-இல் ஜோன் டெய்லர் நிறுவனம் மைசூர் சமஸ்தானத்தின் கோலாரில் தங்கம் தோண்ட வந்தது. மேற்பார்வைக்குக் கோர்ன்வால்காரர்கள் கப்பலேறி வந்தார்கள். கீழே இறங்கிக் கல் உடைக்க வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள் வந்தார்கள். நிலமும் இல்லாமல் சாதிக் கொடுமையும் தாங்காமல் ஊரை விட்ட ஒடுக்கப்பட்டோரே அதில் அதிகம். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகாம், நந்திதுர்க்கம் என்று தங்கவயலின் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் தமிழ்க் குடும்பங்களின் வரிசை வீடுகள் இருந்தன.

அந்தத் தங்கவயலை வெறும் கூலிச் சேரியாக நினைக்கக் கூடாது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலாரில் கிளைகள் இருந்தன. அவருடைய எழுத்துகளைச் சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது கோலாருக்குத்தான். சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் மேல் ஆழம் போய், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. படிக்கவும் வாதிடவும் சங்கம் கட்டவும் தெரிந்த ஒரு தொழிலாளர் ஊர் அந்த ஆழத்தில் இறங்கி வேலை செய்தது.

தங்கம் கிடைத்தது குவார்ட்ஸ் பாறையின் இழைகளில். அதாவது தங்கத்தை எட்ட வேண்டுமென்றால் சிலிக்காவைத்தான் உடைக்க வேண்டும். துளையிடுவது, வெடி வைப்பது, வெடித்ததை அள்ளுவது, மேலே கொண்டுவந்து அரைப்பது என ஒவ்வொரு கட்டத்திலும் தூள். ஆழத்தின் வெப்பத்தில் மூச்சு வேகமாக வாங்கும். வேகமாக வாங்கும் மூச்சு அதிகத் தூளை இழுக்கும்.

கோலார் வைத்தியசாலையில் பணியாற்றிய மருத்துவர் அந்தனி கப்லானும் அவருடைய சகாக்களும் 1940களில் தொழிலாளர்களை வரிசையாக எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 7,653 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் தெரிந்தது. 1947-இல் அந்த முடிவு வெளியானபோது, தங்கவயலில் இறங்கியவர்களில் ஐவரில் இருவருக்கு மேல் நெஞ்சில் தழும்போடு இருந்தார்கள் என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. கப்லான் பின்னர் பிரித்தானியாவின் கார்டிஃப் நகருக்குப் போய் நிலக்கரித் தொழிலாளர்களை ஆராய்ந்தார். அங்கே 1953-இல் அவர் கண்டறிந்து சொன்ன ஒரு நோய்க்கு இன்றும் மருத்துவ உலகில் அவர் பெயரே வழங்குகிறது. கோலாரின் எக்ஸ்ரே படங்களில் அவருடைய கண் பழகியிருந்தது. நெஞ்சைக் காட்டிய ஆயிரக்கணக்கான தமிழர்களின் பெயர்கள் மருத்துவ நூல்களில் இல்லை.

2001 பிப்ரவரி 28-இல் கோலார் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்துத் தங்கம் எடுத்த கல்லின் மிச்சம் சாம்பல் நிற மேடுகளாய் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வரிசை வீடுகளின் மேல் வந்து இறங்குகிறது. கம்பெனி போன பிறகும் தூசி போகவில்லை.

சட்டம் வந்த வழி

தென்னாபிரிக்காவில் 1911-இல் இருந்தே சுரங்கத் தூசி நோய்க்கு நட்டஈட்டுச் சட்டங்கள் வந்தன. வெள்ளைத் தொழிலாளருக்கு ஓரளவு ஓய்வூதியம், கறுப்புத் தொழிலாளருக்கு அற்பத் தொகை. ஒரே சுரங்கம், ஒரே தூசி, தோலின் நிறத்துக்கு ஒரு விலை. அந்தக் கணக்கைத் தீர்க்க நூறாண்டுக்கு மேல் ஆனது. நோயுற்ற சுரங்கத் தொழிலாளருக்கும் மாண்டோர் குடும்பங்களுக்குமாக 500 கோடி ராண்ட் அளவிலான உடன்பாட்டை ஜொஹானஸ்பேர்க் நீதிமன்றம் 2019-இல்தான் ஏற்றது.

1930 ஆகஸ்டில் அதே ஜொஹானஸ்பேர்க்கில் சர்வதேசத் தொழில் அமைப்பு சிலிக்கோசிஸ் பற்றி முதல் உலக மாநாட்டைக் கூட்டியது. பல நாட்டு மருத்துவர்கள் தங்கள் எக்ஸ்ரே படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்தில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து நீர்ச்சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ முழுக்கச் சிலிக்காவாலான பாறை அது. தண்ணீர் விட்டால் வேலை தாமதமாகும் என்று உலர்வாகத் துளையிட வைத்தார்கள். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள். மாதக் கணக்கிலேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள். குறைந்தது 764 பேர் என்று மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் 1986-இல் கணக்கிட்டார். தண்ணீரின் பாடம் தெரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு இது நடந்தது. தெரியாமையை அங்கே யாரும் காரணமாகச் சொல்ல முடியாது.

1934-இல் சர்வதேசத் தொழில் அமைப்பின் 42-ஆம் சமவாயம் சிலிக்கோசிஸை நட்டஈடு கொடுக்க வேண்டிய தொழில் நோயாக அறிவித்தது. இலங்கையின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் (19-ஆம் இலக்கம்) அதே 1934-ஐச் சேர்ந்தது. 1942-இன் 45-ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தூசியும் புகையும் தொழிலாளியின் மூச்சில் ஏறாமல் தடுப்பதைத் தொழிற்சாலை நடத்துபவரின் கடமையாக்கியது. 2009-இல் தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவனத்தை உருவாக்கும் சட்டமும் வந்தது.

இலங்கையின் சொந்தச் சான்றும் உண்டு. போகல, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் நம் நாட்டின் பெரும் ஏற்றுமதிச் செல்வம். காரீயத்தோடு குவார்ட்ஸும் கலந்தே பூமியில் கிடக்கும். மருத்துவர்கள் ரணசிங்கவும் உரகொடவும் ஒரு காரீயச் சுரங்கத்தின் 344 தொழிலாளர்களை எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்து 1972-இல் பிரித்தானியத் தொழில்சார் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஐவரில் ஒருவருக்கு மேல் நுரையீரலில் மாற்றம் இருந்தது. தூசி நோய் எங்கோ தூர தேசத்து விஷயம் என்ற எண்ணத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பிய நோய்

சட்டம் இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? தூசி உள்ளே போன நாளுக்கும் மூச்சு வாங்கும் நாளுக்கும் நடுவே பல ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் பொறுப்புத் தொலைந்துபோகிறது. தொழிலாளி வேலைத்தளம் மாறியிருப்பார், நாடு மாறியிருப்பார். கம்பெனியே இல்லாமல் போயிருக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் ஆதிவாசி மக்கள் குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குக் கூலிக்குப் போனார்கள். சில மாதங்கள் அரைத்தார்கள், ஊர் திரும்பினார்கள், திரும்பிய இடத்தில் செத்தார்கள். ஆலை ஒரு மாநிலத்தில், சவக்குழி இன்னொரு மாநிலத்தில். 2006-இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் பத்து ஆண்டுகள் கழித்து, 2016-இல், மாண்ட 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் ரூபாய் கொடுக்குமாறு குஜராத் அரசுக்கு உத்தரவு வந்தது. கிராமம் கிராமமாகப் போய், யார் எந்த ஆலையில் எத்தனை மாதம் இருந்தார் என்று எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அந்த நீதியும் கிடைத்தது.

இதை வாசிக்கும்போது எனக்கு நம் வீதிகள்தான் கண்ணில் நிற்கின்றன. கட்டாரிலும் குவைத்திலும் டைல்ஸும் கல்லும் வெட்டிப் பதினைந்து ஆண்டு கழித்து ஊர் திரும்பியவர்கள் ஒவ்வொரு குறுக்கு வீதியிலும் இருக்கிறார்கள். படியேறினால் மூச்சு முட்டுகிறது என்று வைத்தியரிடம் போகிறார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வி எழாவிட்டால் அது சிகரெட் வருத்தமாகவோ, முட்டு வருத்தமாகவோ, காசநோயாகவோ எழுதப்பட்டுவிடும். எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பொருளை வெட்டினோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்டு எடுக்க வேண்டும். நோயை அது மாற்றாது. அடுத்த தூசியிலிருந்தும் காசநோயிலிருந்தும் காப்பாற்றும்.

வளர்ந்த நாடுகளிலும் இது முடிந்த கதையல்ல. குவார்ட்ஸ் பொடியைப் பிசினில் கலந்து செய்யும் செயற்கைக் கல், சமையலறை மேசைக்காக உலகமெங்கும் பரவியது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிலிக்கா இருக்கலாம். அதை வெட்டிய முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்குக் காத்துக் கிடக்கும் நிலை வந்தது. 2024 ஜூலை 1 முதல் அவுஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அது. நம் கரையோரத்தில் பென்ட்ரி கட்டும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நம் வேலைத்தளத்தில் செய்ய வேண்டியது

அமெரிக்கா 2016-இல் வகுத்த எல்லை, எட்டு மணி நேர வேலையில் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்கா. அத்தனை மணி நேரத்தில் ஒரு தொழிலாளி சுமார் பத்துக் கன மீற்றர் காற்றைச் சுவாசிக்கிறார். ஆகவே ஒரு நாளின் எல்லை அரை மில்லிகிராம்; விரல் நுனியில் ஒட்டும் சில உப்புப் பரல்களின் எடைதான். மூடிய அறையில் கிரைண்டரை உலர்வாக ஓட்டினால் அந்த எல்லையைக் கடக்க அதிக நேரம் வேண்டாம்.

இதற்குப் பரிகாரம் 1904-இல் ஹோல்டேன் குழு சொன்னதுதான்: தண்ணீர். ஆனால் ஓர் எச்சரிக்கை. சாதாரண கிரைண்டரில் போத்தலால் தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் தாக்கலாம். தகட்டுக்குத் தண்ணீர் வழங்கும்படி செய்யப்பட்ட கட்டரையே பயன்படுத்த வேண்டும். ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில்தான் பொருத்த வேண்டும். டைல்ஸுக்கு நேர்கோட்டு வெட்டென்றால், கீறி முறிக்கும் கைக் கட்டர் போதும், தூளே எழாது. சுவரில் தடம் வெட்டவும் துளையிடவும் உறிஞ்சும் குழாய் பூட்டிய கருவிகள் உண்டு. முடிந்தால் தடத்தைப் பூசுமுன் திட்டமிட்டு, வெட்டும் வேலையையே குறைக்கலாம். வெட்டுவதை அறைக்குள் செய்யாமல் வெளியே, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்று செய்ய வேண்டும். தூளை விளக்குமாற்றால் உலர்வாகக் கூட்டக் கூடாது. நனைத்து அள்ள வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அந்த உடுப்பை உதறித் துவைக்கும் மனைவியும் அதே தூளைத்தான் சுவாசிக்கிறார்.

முகமூடி இவையெல்லாவற்றுக்கும் பிறகு வருவது. துணியும் துவாயும் இந்தத் துகளைத் தடுக்காது. என்95 வகையோ அதற்கு மேலானதோ வேண்டும், அதுவும் முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டி நிற்க வேண்டும். தாடி வைத்தவரின் முகத்தில் அது ஒட்டாது. ஓரங்களால் தூள் உள்ளே போய்விடும். நம் மேசன்மாரில் தாடி வைத்தவர்கள் நிறையப் பேர். மார்க்கத்துக்காக வைத்த தாடியை மழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆகவே முகமூடியை நம்பி நிற்கும் பாதுகாப்பு நம் ஊருக்குப் போதாது. தூசி பிறக்கும் இடத்தில் தண்ணீரை வைப்பதே நமக்குப் பொருந்தும் வழி.

“தண்ணி விட்டா கோடு தெரியாது காக்கா, சேறாப் போகும், வேலையும் சுணங்கும்” என்று மேசன் சொல்வார். உண்மைதான். சுணங்கும் நேரத்துக்குக் கூலி கொடுப்பது யார் என்பதே கேள்வி. கோலாரில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. சாய்ந்தமருதில் கம்பெனி கிடையாது. ஒரு வீட்டு வேலைத்தளத்துக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதும் அபூர்வம். இங்கே மேசனை வேலைக்கு வைப்பவர் மகளுக்கு வீடு கட்டும் வாப்பாவும் உம்மாவும். சட்டம் நம்மை முதலாளி என்று கூப்பிடாவிட்டாலும் அந்த மேசனின் நெஞ்சுக்கு நாம்தான் பொறுப்பு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும்படி போதிக்கப்பட்ட சமூகம் நாம். கூலி வாங்கிப் போகிறவர் பத்து ஆண்டு கழித்தும் மூச்சு விட வேண்டும் என்பது அந்தப் போதனைக்குள்ளேயே அடங்கும்.

வீட்டு மதிப்பீட்டில் கல், கம்பி, சீமெந்து, கூலி என்று எழுதும் தாளில் இன்னும் ஒரு வரி சேர்ப்போம்: தண்ணீர்க் கட்டர், ட்ரிப் சுவிட்ச், தாமதத்துக்கான மேலதிக நாட்கூலி. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு. கருவி வாங்க முடியாத மேசன்மாருக்கு வாடகைக்குக் கொடுக்க, பள்ளிவாசல் நிர்வாகமோ கட்டடத் தொழிலாளர் சங்கமோ சிலவற்றை வாங்கி வைக்கலாம். வீடு கட்டும் ஒவ்வொரு குடும்பமும் உலர்வாக வெட்ட வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால், அடுத்த மேசனும் தண்ணீர்க் கட்டரோடுதான் வேலைக்கு வருவார். கோலார்த் தொழிலாளருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் இல்லை. நம் மேசன்மாருக்கு அதைச் சொல்ல நாம் இருக்கிறோம்.

அடுத்த அத்தியாயத்தில்: உமிக்குள்ளும் சிலிக்கா இருக்கிறது. சம்மாந்துறை நெல் ஆலைகளின் வரலாறும், உமிச் சாம்பலைக் கையாள்பவர்களின் வாழ்க்கையும்.

(தொடரும்)